குத்து, சுத்து, இழு, இறக்கு: வேலை அழுத்தத்துக்குக் கைப்பின்னல், முதல் கண்ணியிலிருந்து முழு வழிகாட்டி

மே மாதம் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், காலை 11 மணி என்றால் என்னவென்று. அறையைக் காலி செய்கிறவர்கள் பில்லில் ஒவ்வொரு வரியாகக் கணக்குக் கேட்பார்கள், விடியற்காலையிலேயே வந்து இறங்கியவர்கள் பெட்டியோடு சோபாவில் உட்கார்ந்துகொண்டு ரூம் ரெடியா ரெடியா என்று கேட்பார்கள், போனில் இன்னொருவர் சில்வர் காஸ்கேட் அருவி பக்கம் வண்டி ஒரு மணி நேரமாக நகரவே இல்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். 2024 மே 7 முதல் ஊருக்குள் வர இ-பாஸ் என்று வந்த பிறகு அதற்கும் பதில் சொல்கிற வேலை சேர்ந்துகொண்டது. ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் நாலாவது வருடம் சீசன் முடிந்த ஜூனில், ராத்திரி கண்ணை மூடினால் கவுண்டர் மணிச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கி, காலையில் தாடை வலியோடு எழுவேன்.

அந்த ஜூன் மழையில், பக்கத்து வீட்டு அம்மாச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றுக்கொண்ட கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "ஏன் தாயி, பேசப் பேச கையைப் பிசஞ்சுக்கிட்டே இருக்கியே, இந்தா இதைப் பிடி" என்று இரண்டு ஊசியை நீட்டினார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மொத்தப் பாடமும் நாலு சொல்தான்: குத்து, சுத்து, இழு, இறக்கு. அந்த நாலு சொல்லை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். ஊசியையே தொட்டிராத ஒருவர் இதைப் பார்த்து முதல் பொருளை முடிக்க வேண்டும், அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டே. அதுதான் என் எண்ணம்.

ஏன் பின்னல்?

என் வேலையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. தப்பான அறையைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்தின் முகம் மாறியது மாறியதுதான். உங்கள் வேலையிலும் இப்படி ஏதாவது இருக்கும். அனுப்பிய மெயில், போட்ட என்ட்ரி, மேலாளர் முன்னால் உளறிய ஒரு வாக்கியம். ராத்திரி படுத்துக்கொண்டு நாம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். பின்னலில் தப்பு நடந்தால் ஊசியை உருவி, நூலை இழுத்தால் போதும், தப்பு நடந்த இடம் வரைக்கும் பிரிந்து வந்துவிடும், நூல் நூலாகவே இருக்கும், ஒன்றும் வீணாகாது. நாள் முழுக்க தப்பு பண்ணிவிடக் கூடாது என்று விறைத்திருந்த உடம்புக்கு, தப்பு பண்ணினால் பரவாயில்லை என்கிற ஒரு இடம் தேவைப்படுகிறது. எனக்கு அது பின்னலில்தான் கிடைத்தது.

இன்னொன்று, ஒரு வரிசை முடிந்தால் முடிந்துவிட்டது. ரிசப்ஷனில் எதுவும் முடிவதே இல்லை, ஒருவர் போனால் அடுத்தவர். இருபது கண்ணி, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையம், பின்னி ஊசியைத் திருப்பும்போது, இன்றைக்கு ஒன்றை முடித்திருக்கிறேன் என்று கைக்குத் தெரிகிறது.

ஆராய்ச்சி என்று பார்த்தால், 2013-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி இதழில் பின்னுகிறவர்கள் 3,545 பேரிடம் கேட்டு எழுதிய கட்டுரை வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப் பின்னுகிறவர்களிடமே கேட்டது என்பதால் அதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், கொலாஜ், வண்ணப் பேனா என்று கைவேலையில் உட்கார வைத்து, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்கிற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். நாலில் மூன்று பங்குப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. அது பின்னல் அல்ல, வேறு கைவேலை, ஆனாலும் "எனக்குக் கலையெல்லாம் வராதே" என்று தயங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

என்ன வாங்க வேண்டும்

ஒரு ஜோடி ஊசி, 50 கிராம் நூல், முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று, கத்தரி, இரண்டு சேஃப்டி பின். இவ்வளவு போதும். முதல் நாளே பத்து நிறம் வாங்கி அடுக்காதீர்கள், அடுக்கி வைத்த நூலே பிறகு இன்னொரு முடிக்காத வேலையாகக் கண்ணில் உறுத்தும்.

ஊசி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், அதில் எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். 10-ஆம் எண் என்றால் 3.25 மில்லிமீட்டர், 8 என்றால் 4 மில்லிமீட்டர், 7 என்றால் 4.5, 6 என்றால் 5. யூடியூப் பார்த்து 5 மில்லிமீட்டர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கடையில் 5-ஆம் எண் கேட்டால் 5.5 மில்லிமீட்டர்தான் வரும். இந்த வழிகாட்டிக்கு உங்களுக்கு வேண்டியது 7-ஆம் எண், அதாவது 4.5 மில்லிமீட்டர். மூங்கில் ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அலுமினியம் வழுக்கும், கற்றுக்கொள்கிற கைக்குக் கண்ணி நழுவிக்கொண்டே இருக்கும். அதோடு டிசம்பர் காலையில் எங்கள் ஊரில் அலுமினிய ஊசியைத் தொட்டால் விரல் நுனி மரத்துப் போகும்.

நூலின் கனம் 8 ப்ளை என்று கேளுங்கள். முதல் பொருளுக்கு அக்ரிலிக் போதும், விலை குறைவு, பத்துத் தடவை பிரித்துப் பின்னினாலும் தாங்கும். நிறம் வெளிர்ந்ததாக இருக்கட்டும், இளமஞ்சள், வானநீலம், சந்தனம், இப்படி. எனக்குக் கறுப்புதான் பிடிக்கும் என்று கறுப்பில் ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வெளிச்சம் போய்விடுகிற ஊரில் கறுப்புக் கண்ணியை எண்ணுவதற்குள் இருக்கிற நிம்மதியும் போய்விடும். பஞ்சு மாதிரி மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் இப்போது வேண்டாம், அதைப் பிரிக்கவே முடியாது.

கம்பளி நூலுக்கு இரண்டாவது மூன்றாவது பொருளில் போகலாம். அதைப் பற்றி ஆசையாக ஒரு வார்த்தை. கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர் இருக்கிறது. அங்கே மத்திய செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965-லிருந்து இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கேதான் முதல்முறை பார்த்தேன். ஆட்டின் முதுகில் கையை வைத்து உரோமத்தைப் பிளந்து பார்த்தால், வெளியே அழுக்குப் பழுப்பு, உள்ளே வெண்ணெய் நிறம், ஒவ்வொரு இழையும் நெளிநெளியாக. அந்த நெளிவுதான் சூட்டின் ரகசியம். நெளிவுகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, சிக்கிய காற்று உடம்புச் சூட்டை வெளியே விடுவதில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. மூடுபனிக்குள் நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அக்ரிலிக்கில் இது கிடையாது. ஆனால் கம்பளியைப் பூச்சி அரிக்கும், அக்ரிலிக்கை அரிக்காது. எதுவானாலும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், இந்த ஈரத்தில் பூஞ்சை நெடி ஏறிவிடும். துணிப்பையில் வைத்து, வெயில் அடிக்கிற நாளில் ஒருமுறை காற்றாடப் போட்டு எடுங்கள்.

முதல் சாயங்காலம்: உருண்டையும் முதல் கண்ணிகளும்

முதல் பொருள் காதுப் பட்டை. நெற்றியோடு சேர்த்துக் காதை மூடுகிற, நாலு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஒரு பட்டை. மஃப்ளரில் ஆரம்பிக்கச் சொல்கிறவர்கள் அதிகம், நான் வேண்டாம் என்பேன். மஃப்ளர் ஒன்றரை மீட்டர், புதிதாகப் பின்னுகிறவர் பாதியில் அலுத்துப்போய் அலமாரியில் போட்டுவிடுவார். காதுப் பட்டை சீக்கிரமே முடிந்து காதில் ஏறிவிடும்.

நூல் சிட்டமாக, அதாவது உருட்டாத பெரிய வளையமாக, வந்திருந்தால் அன்றைக்கு உருண்டை மட்டும் சுற்றுங்கள். வீட்டில் யாரையாவது இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில் மாட்டலாம், ஆள் இல்லையென்றால் நாற்காலி முதுகில் மாட்டுங்கள். தளர்வாகச் சுற்ற வேண்டும், இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டு அப்படியே நின்றுவிடும். என் பையன் கை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார, நான் சுற்றுகிற அந்தக் கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடக் கதை முழுக்க வந்துவிடும்.

அப்புறம் சுருக்குக் கண்ணி. நூல் முனையில் ஒரு சாண் விட்டுவிட்டு, விரலில் ஒரு வளையம் போடுங்கள். உருண்டைப் பக்கத்து நூலை அந்த வளையத்துக்குள்ளிருந்து இன்னொரு வளையமாக இழுத்து, அதை ஊசியில் மாட்டி, நூலைப் பிடித்து லேசாக இறுக்குங்கள். ஊசியில் அது தாராளமாக நகர வேண்டும். இது முதல் கண்ணி. இந்த ஊசி இடது கையில்.

இனி கண்ணி ஏற்றுதல். வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் குத்துங்கள், இரண்டு ஊசியும் பெருக்கல் குறி மாதிரி நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். உருண்டையிலிருந்து வரும் நூலை வலது ஊசி முனையில் கீழிருந்து மேலாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய நூலை வலது ஊசி முனையாலேயே கண்ணிக்குள்ளிருந்து முன்பக்கம் இழுங்கள். இப்போது வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி இருக்கும். அதைக் கொண்டுபோய் இடது ஊசியில் மாட்டிவிடுங்கள். இரண்டு ஆகிவிட்டது. கடைசியாக ஏற்றிய கண்ணிக்குள்ளேயே மறுபடி குத்தி, சுற்றி, இழுத்து, மாட்டி, இப்படி இருபது ஏற்றுங்கள். கண்ணி ஏற்ற வேறு நாலைந்து வழிகள் உண்டு. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், இதுவும் பின்னலும் ஏறக்குறைய ஒரே கை அசைவு, ஒன்றைக் கற்றால் இன்னொன்றில் முக்கால்வாசி வந்துவிடும்.

இருபது ஏற்றியதும் நிறுத்திவிடுங்கள், ஆசையாக இருந்தாலும். நாளைக்கு மிச்சம் வைப்பதுதான் நாளைக்கு உங்களைத் திரும்ப உட்கார வைக்கும்.

நாலு சொல்

இருபது கண்ணி உள்ள ஊசி இடது கையில், வெறும் ஊசி வலது கையில், நூல் ஊசிகளுக்குப் பின்னால்.

குத்து: இடது ஊசியின் முதல் கண்ணிக்குள், முன்னிருந்து பின்னாக. சுத்து: நூலை வலது ஊசி முனையில் கீழிருந்து மேலாக. இழு: சுற்றிய நூலை முன்பக்கம். இறக்கு: பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடு. ஏற்றும்போது புதுக் கண்ணியை இடது ஊசிக்குக் கொண்டுபோனோம், இப்போது அது வலது ஊசியிலேயே தங்கும், பழையது இறங்கிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வரிசை முடிந்தால் எல்லாக் கண்ணியும் வலது ஊசிக்கு வந்திருக்கும். ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த வரிசை. எல்லா வரிசையும் இதே பின்னல்தான், இரண்டு வரிசைக்கு ஒரு மேடு என்று துணி வரிவரியாக எழும்பி வரும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னுங்கள். இறக்கு என்கிறபோது மூச்சையும் விடுங்கள். அம்மாச்சி மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது தானாக எனக்கு வந்தது. ஒரு வாரத்தில் சொல் வாயிலிருந்து நின்று கைக்குள் போய்விடும், அப்போதுதான் தோள் இறங்குவதை முதல்முறை கவனிப்பீர்கள்.

முதல் மூன்று வரிசை யாருக்கும் நன்றாக வராது. கண்ணி இறுகி ஊசியே உள்ளே போகாது, ஏனென்றால் வேலையிலிருந்து கொண்டுவந்த இறுக்கம் முழுக்க விரலில் இருக்கும். என் முதல் பட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அடியில் அட்டை மாதிரி விறைப்பு, போகப் போகத் தளர்ந்து, மேலே மெத்தென்று இருக்கிறது. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கை, நடுவில் பதினோரு நாள்.

தப்பு நடக்கும் இடங்கள்

இருபது கண்ணி இருபத்திரண்டு ஆகிவிட்டதா? அநேகமாக ஓரத்தில்தான் நடந்திருக்கும். புது வரிசை ஆரம்பிக்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்னால் போயிருந்தால், முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கால் தெரியும், நீங்கள் இரண்டையும் தனித்தனிக் கண்ணி என்று பின்னிவிடுவீர்கள். வரிசை ஆரம்பிக்கும் முன் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியில் பின்பக்கம் கொண்டுபோனால் போதும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

கண்ணி நழுவிவிட்டால் பதறி எதையும் இழுக்காதீர்கள். முதலில் ஒரு சேஃப்டி பின்னை அதில் மாட்டுங்கள், அது மேலும் கீழே ஓடாது. ஊசிக்குப் பக்கத்திலேயே இருந்தால் தூக்கி மாட்டிவிடலாம். நாலைந்து வரிசை கீழே போயிருந்தால் புதியவர்கள் அதுவரைக்கும் பிரிப்பதே நல்லது. பிரித்த பிறகு கண்ணிகளைப் பிடிக்க 10-ஆம் எண் மாதிரி மெல்லிய ஊசி சுலபம், பிடித்த பிறகு அடுத்த வரிசையை வழக்கமான ஊசியால் பின்னலாம்.

வேலைக்கு நடுவே பின்னுகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. பாதி வரிசையில் யாராவது கூப்பிடுவார்கள், அப்படியே வைத்துவிட்டுப் போவீர்கள். திரும்பி வந்து எடுக்கும்போது எந்த ஊசி எந்தக் கையில் என்று தெரியாது. தப்பாகத் திருப்பிப் பின்னினால் அந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து ஓட்டை விழும். உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியின் கண்ணியிலிருந்து தொங்குகிறதோ, அது வலது கைக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் நடுவில் எத்தனை பேர் கூப்பிட்டாலும் கவலையில்லை.

வேலை நாளுக்குள் எங்கே பொருத்துவது

ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பின்னுவேன் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது, கிடைக்காததே இன்னொரு குறையாகச் சேரும். நான் வைத்திருப்பது மூன்று சின்ன நேரம். டூட்டிக்குக் கிளம்பும் முன், டீ ஆறும் வரை, நாலு வரிசை. மதியம் அறைகள் நிரம்பி முடிந்து சாப்பிட உட்காரும்போது, சாப்பாட்டுக்கு முன்னால், பத்து நிமிடம். ராத்திரி படுக்கும் முன் கால் மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. இந்த மூன்றாவதுதான் என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு கையிலும் ஊசி இருக்கும்போது போனைத் தள்ளிக்கொண்டிருக்க முடியாது, அந்தச் சின்ன வெளிச்சத்தில் அடுத்த நாள் புக்கிங்கையும் யாரோ எழுதிய மோசமான ரிவ்யூவையும் பார்க்க முடியாது.

கடுமையான போன் ஒன்று வந்து முடிந்தால் ஒரே ஒரு வரிசை. இருபது கண்ணி, பழகிய கைக்கு ஒன்றரை நிமிடம். கோபம் போய்விடும் என்று சொல்லவில்லை. அடுத்து வருகிறவரிடம் அந்தக் கோபத்தைக் காட்டாமல் இருக்க அந்த ஒன்றரை நிமிடம் போதுமானதாக இருக்கிறது. அலுவலகத்தில் ஊசியை எடுக்க முடியாதவர்கள் குரோஷா ஊசியும் (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி) சின்ன உருண்டையும் பையில் வைத்துக்கொள்ளலாம், சங்கிலிக் கண்ணி, அதாவது ஊசியில் உள்ள வளையத்துக்குள் நூலைக் கொக்கியால் இழுத்து அடுத்த வளையம் எடுப்பது, அது மட்டும் ஒரு முழம் போட்டுவிட்டுப் பிரித்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் பின்னலாமா என்று கேட்கிறார்கள். சமவெளியில் சரி. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில் வேண்டாம். வளைவில் குனிந்து பார்த்தால் தலை சுற்றும், திடீர் பிரேக்கில் கூர் முனை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

நாள் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பின்னாதீர்கள். முழங்கையை மடியில் தலையணை வைத்து அதன் மேல் வையுங்கள், தோளைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். விரல் மரத்தாலோ மணிக்கட்டு வலித்தாலோ ஊசியை வைத்துவிட வேண்டியதுதான், வலியோடு முடிக்க வேண்டிய அவசரம் இதில் ஒன்றும் இல்லை.

பட்டையை முடிப்பது

தலைச் சுற்றளவை அளந்து அதில் 6 சென்டிமீட்டர் கழித்த நீளம் வரை பின்னுங்கள், இந்தப் பின்னல் நன்றாக இழுபடும். 55 சென்டிமீட்டர் தலை என்றால் 49 போதும். அப்புறம் கண்ணிகளை அடைக்க வேண்டும். முதலில் இரண்டு கண்ணி பின்னுங்கள். இடது ஊசி முனையால் முதலாவதைத் தூக்கி, இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தாண்டவிட்டு விட்டுவிடுங்கள். வலது ஊசியில் ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, பழையதை மறுபடி தாண்டவிடுங்கள். கடைசி ஒன்று மிஞ்சும்போது நூலை இரண்டு சாண் விட்டு வெட்டி அதற்குள் இழுத்துவிடுங்கள். இதை இறுக்கமாகச் செய்தால் ஓரம் சுருங்கும், தளர்வாக விடுங்கள். விட்ட நூலையே மழுங்கிய ஊசியில் கோத்து இரண்டு குறுக்கு ஓரத்தையும் சேர்த்துத் தையுங்கள். மிச்ச முனையை மேடுகளுக்குள் முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டி மறைத்து வெட்டுங்கள்.

மிச்ச நூலில் என்னென்ன

50 கிராமில் பட்டைக்குப் போக நிறைய மிஞ்சும். சின்னப் பொருள்கள் ஒரே உட்காரலில் முடிவதால், மோசமான நாளுக்கு அவைதான் நல்லது.

முறுக்குக் கயிறுக்கு ஊசியே வேண்டாம். அடையாள அட்டைக்கோ கண்ணாடிக்கோ மாட்டலாம். வேண்டிய நீளத்தைப் போல மூன்று மடங்கில் நாலு இழை வெட்டி, ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டுங்கள். மறுமுனையை ஒரு பென்சிலில் கட்டி, நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பென்சிலைச் சுற்றிக்கொண்டே போங்கள். லேசாகத் தளர்த்தினால் நூல் தானே சுருண்டு முறுக்கு விழும் அளவுக்கு ஏற வேண்டும். நடுவில் பிடித்து இரண்டாக மடித்து, விறைப்பை மெல்ல விடுங்கள். இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறாகிவிடும், நார்க்கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. முனையில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். எங்கள் ஹோட்டலில் எனக்கு மட்டும் கழுத்தில் சந்தன நிறக் கயிறு. கவுண்டரில் நிற்கும்போது விரல் தானாக அதைத் தேடிப் போகிறது.

தலைமுடி ரப்பர் பேண்டுக்குக் குரோஷா உறை இன்னொன்று. 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசியில் சுருக்குக் கண்ணி போட்டு, ஊசியை ரப்பர் பேண்டுக்குள் விட்டு நூலைக் கொக்கியால் இழுங்கள். ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். நூலை மறுபடி கொக்கியில் எடுத்து இரண்டு வளையத்துக்குள்ளும் இழுங்கள். இது ஒரு குத்து. இதுபோல ரப்பர் தெரியாத அளவுக்கு நெருக்கமாக ஐம்பது போடுங்கள். இரண்டாவது சுற்றில், ஐந்து சங்கிலி, அடுத்த கண்ணியில் ஒரு குத்து, மறுபடி ஐந்து சங்கிலி, அடுத்ததில் ஒரு குத்து. சுற்றி வரும்போது சுருக்கு வைத்த மாதிரி அலையலையாக விரியும். முக்கால் மணி நேர வேலை.

குஞ்சம் தெரிந்ததுதான். இரண்டு விரலில் நூறு சுற்று, நடுவில் இறுக்கக் கட்டு, இரண்டு பக்கமும் வெட்டி உருண்டையாகக் கத்தரி. வீட்டுச் சாவிக்கு ஒன்று போட்டு வையுங்கள், பைக்குள் துழாவும்போது முதலில் கையில் அதுதான் தட்டுப்படும்.

குல்லாவுக்குப் போக பர்ல் தெரிய வேண்டும். நூலை முன்பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணிக்குள் பின்னிருந்து முன்னாகக் குத்தி, சுற்றி, பின்பக்கம் இழுத்து, இறக்குவது. அதே நாலு சொல், திசைதான் வேறு. காதுப் பட்டை இரண்டு முடித்த பிறகு பாருங்கள்.

விற்பதைப் பற்றி

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்ன ஆரம்பித்த இரண்டாவது வருடம் நவம்பரில், கூட வேலை பார்க்கிறவர்கள் என் குல்லாவைப் பார்த்துவிட்டு, அக்கா எனக்கு ஒன்று, எங்க மாமியாருக்கு ஒன்று என்று கேட்டார்கள். பதினாலு குல்லாவுக்கு ஒத்துக்கொண்டேன், கிறிஸ்துமஸுக்குள் தருவதாக. மூன்றாவது குல்லாவிலேயே பழைய தாடை வலி திரும்பி வந்தது. இருந்த ஒரே இளைப்பாறலையும் தேதி போட்டு நானே வேலையாக மாற்றிக்கொண்டேன். பதினாலையும் கொடுத்து முடித்தேன், அதோடு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பணம் தேவைப்பட்டு விற்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, மலையில் எத்தனையோ வீடுகளுக்கு அது சோறு போடும் தொழில். விற்பதானால் அதற்கு ஒரு பை, உங்களுக்கென்று வேறு ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது பையில் இருப்பதற்கு யாருக்கும் தேதி சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பல வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்வதே பாரம் என்று தோன்றுகிறது என்றால் அதை நூலும் ஊசியும் தாங்காது. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416, அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அழையுங்கள்.

பிரித்த நூலை மறுபடி எடுக்க

பட்டை பிடிக்கவில்லை, கோணலாக வந்துவிட்டது என்றால் தூக்கிப் போட வேண்டாம். கண்ணி அடைத்த முனையைத் தேடி அவிழ்த்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வரும், அதைப் பிரிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. வரும் நூல் முறுக்கு நூடுல்ஸ் மாதிரி நெளிந்திருக்கும், அப்படியே பின்னினால் மேடு பள்ளமாக விழும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கரண்டியைக் கட்டிவிடுங்கள். கம்பளி அந்தச் சின்னக் கனத்திலேயே நேராகிவிடும், அக்ரிலிக் கொஞ்சம் அடம் பிடிக்கும், ஆனாலும் பின்னும் அளவுக்கு வரும். எங்கள் ஊர் ஜூலை ஈரத்தில் காய இரண்டு நாள் ஆகும். காய்ந்ததும் தளர்வாக உருண்டை சுற்றி, இருபது கண்ணி ஏற்றுங்கள்.